நிறுத்தாமல் வாசி

திருப்பனந்தாளுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்தத் தொடக்கப்பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். சின்ன வகுப்புகள் தலைமையாசிரியர் மதிவாணனிடம், மூன்று முதல் ஐந்து வரை மேகலாவிடம். மேகலாவின் வகுப்பில் ஒரு பக்கம் நகர நாள்கணக்கில் ஆகும். பிள்ளைகள் வரிக்கு வரி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், ஒருவரோடொருவர் சண்டை போடுவார்கள். பாடத்தில் கொக்கு வந்தால் வயலோரம் போய்க் கொக்கைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி. வாசிப்பது என்றால் அதுதான் என்று மேகலா நினைத்திருந்தாள்.

அந்தத் தை மாதம் வெளியிலிருந்து வாசிப்பு மதிப்பீட்டுக்கு ஆள் வந்தான். இளம்பரிதி, கும்பகோணத்தில் பி.எட். படிப்பவன். சொந்த ஆசிரியர்களே மதிப்பெண் போட்டால் உண்மை தெரியாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் இப்படிக் கல்லூரிப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். அவனுடைய செல்போனில் ஒரு பத்தி வரும். பிள்ளை அதை வாசிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று செல்போனே கணக்கு வைத்துக்கொள்ளும்.

நான்காம் வகுப்பு செவ்வந்தி வாசித்தாள். "வாய்க்காலில் தண்ணீர் வற்றியது. உழவர் வானத்தைப் பார்த்தார்." அங்கே நிறுத்திவிட்டாள்.

"ஏன் சார் வானத்த பாக்கறாரு? தண்ணி மேட்டூர்லேர்ந்துல்ல வரணும்?"

இளம்பரிதிக்குச் சிரிப்பு வந்தது. "நீ வாசிம்மா, டைம் ஓடுது" என்றான். அவள் மறுபடி இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் செல்போன் சத்தம் போட்டு நின்றுவிட்டது.

போகும்போது அவன் மேகலாவிடம் சொன்னான். "அந்தப் பொண்ணு நல்லா புரிஞ்சுதான் படிக்குது மேடம். ஆனா அதைப் போட இதுல எடம் இல்லீங்க."

ஒன்றியக் கூட்டத்தில் பள்ளிகளின் பெயர்களைத் திரையில் நிறம் போட்டுக் காட்டினார்கள். இவர்களுடையது சிவப்பு. அதிகாரி மதிவாணனை எழுந்து நிற்கச் சொன்னார். அடுத்த பெயர்களை வாசிக்க ஆரம்பித்தவர் அவரை உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். கூட்டம் முடியும்வரை மதிவாணன் நின்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் மேகலாவிடம் வந்தார். "நீங்க நடத்துறது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு தடவை என்னால அப்படி நிக்க முடியாதும்மா."

மேகலா சில நாள் வாதாடிப் பார்த்தாள். அதற்குள் சிவப்பு விஷயம் ஊருக்குத் தெரிந்துபோய், இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பேர் போனால் பள்ளியையே மூடிவிடுவார்கள். மேகலா தன் செல்போனில் நிமிடக் கணக்கை ஓடவிட்டு மேசைமேல் வைத்தாள். கேள்வி கேட்ட பிள்ளைகளிடம், "அப்புறம் கேளு, இப்ப வாசி" என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஆடி கடைசியில் கொள்ளிடத்தில் உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். செவ்வந்தியின் அப்பா பக்கிரி, ஆற்று நடுவிலிருந்த திட்டில் மேய்ந்த ஆடுகளை ஓட்டிவரப் போனவர், திரும்பவில்லை. அணைக்கரைக்குக் கீழே உடல் ஒதுங்கியது. ஆடுகளில் சில தாமாகவே நீந்திக் கரையேறி வீடு வந்து சேர்ந்தன.

கருமாதி முடிந்து செவ்வந்தி பள்ளிக்கு வந்தாள். அன்றைக்கும் வாசிப்புப் பயிற்சி. அவள் முறை வந்தபோது, "அப்பா ஆற்றைக் கடந்து சந்தைக்குப் போனார்" என்ற வரியில் நின்றுவிட்டாள். விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது. மேகலா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தாத. அடுத்த வரிக்குப் போ."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். செவ்வந்தி அடுத்த வரிக்குப் போயிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் நிற்கவில்லை.

இரண்டாம் மதிப்பீட்டுக்கு இளம்பரிதிக்குப் பதில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். செவ்வந்திக்கு விழுந்த பத்தியில் மழை பெய்தது, வெள்ளம் வந்தது, படகு கவிழ்ந்தது, மீனவர் வீடு திரும்பவில்லை. குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே மூச்சில் வாசித்து, நேரம் முடியும் முன்பே முடித்தாள். "சூப்பர் பாப்பா" என்று அந்தப் பெண் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். மேகலா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் செவ்வந்தியைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"காலையில வாசிச்சியே, அதுல என்ன ஆச்சு?"

"எதுல டீச்சர்?"

"அந்தப் பத்தியில. யாருக்கு என்ன ஆச்சு?"

செவ்வந்தி யோசித்தாள். "முடிஞ்சிருச்சு டீச்சர். டைமுக்கு முன்னாடியே."

பள்ளி பச்சைக்கு வந்தது. செய்தி கேட்டு செவ்வந்தியின் அம்மா தங்கமணி, நடவு முடிந்து வந்த காலோடு, சேறு காயாமல் பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாரும் பெருமையா பேசுறாங்க டீச்சர். வீட்லதான் இவ வாயே தொறக்க மாட்டேங்கறா. அவ அப்பாவப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. அழவும் இல்ல. இங்கயாச்சும் ஏதாவது பேசுறாளாங்க?"

"நல்லா வாசிக்கிறா" என்றாள் மேகலா.

மறுநாள் செல்போனைப் பையிலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். ஒரு வரி வாசித்து, "இது ஏன்னு யாருக்காவது தோணுதா?" என்று கேட்டாள். பிள்ளைகள் வெறும் மேசையைப் பார்த்தார்கள். "டைம் போடலையா டீச்சர்?" என்றது முன்வரிசை. அந்த வாரம் முழுக்க இப்படித்தான் போனது. அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அடுத்த மதிப்பீடு என்று தகவல் வந்ததும் செல்போன் மறுபடி மேசைக்கு வந்தது.

சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்த பள்ளி என்பதால் ஒன்றியப் பயிற்சியில் பேச மேகலாவை அழைத்தார்கள். செவ்வந்தியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். மேடையில் ஏறியதும், முதல் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த மதிவாணனைப் பார்த்தாள். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நேரம் வைத்து வாசிக்கப் பழக்குவது எப்படி என்று மட்டும் பேசினாள்.

புதிதாக வேலைக்கு வந்த ஓர் ஆசிரியை எழுந்தாள். "மேடம், நடுவுல பசங்க நிறுத்தி ஏதாவது கேட்டா என்ன பண்றதுங்க?"



"போகப் போக கேக்க மாட்டாங்கம்மா" என்றாள் மேகலா.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அதை எழுதிக்கொண்டாள்.