இரண்டு சரை மிளகாய்த்தூளும் ஒரு ரியூப் லைற்றும்

உருத்திரபுரம் வாழ் பொதுமக்களுக்கும், வாய்க்காலின் இரு கரைகளிலும் வசிக்கும் கமக்காரப் பெருமக்களுக்கும் அறியத்தருவது யாதெனில்: கமக்காரர் அமைப்பின் நடப்புத் தலைவரும், கோயில் பரிபாலன சபையின் முன்னாள் உபசெயலாளரும், மைக்கைக் கண்ட இடத்திலெல்லாம் இரண்டு வார்த்தை பேசுபவருமாகிய திரு. கதிர்காமநாதன் அவர்கள், தமது இல்லத்துக் குசினிக்கு மின்விளக்குத் தெரிவு செய்து கொள்வனவு செய்யும் பொருட்டு, எதிர்வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துணைவியார் சகிதம் கிளிநொச்சி நகருக்கு எழுந்தருளவுள்ளார்.

இப்படி ஒருவரும் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கவில்லை. ஆனால் புதன்கிழமை நடந்த வாய்க்கால் துப்பரவுக் கூட்டத்தில் தலைவரே மூன்று தடவை சொல்லிவிட்டபடியால் அறிவித்ததும் ஒன்றுதான்.

கூட்டத்தில் அவர் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அவருடைய மனைவி நாகேஸ்வரி மிளகாய்த்தூள் வறுத்துக் கொடுப்பவள். ஊரில் எத்தனையோ பேர் வறுக்கிறார்கள். நாகேஸ்வரியின் தூளுக்கு மட்டும் ரொறன்ரோ வரை ஆள் இருந்தது. மில்லில் மா அரைக்கிறவர்கள் வருமுன் தன் தூளை அரைத்துவிட வேண்டும் என்பதற்காக, விடியப்புறம் நாலு மணிக்கே எழும்பி வறுப்பாள். மிளகாய் எந்த நொடியில் சிவப்பை விட்டு இறங்குகிறதோ, அந்த நொடியில் அடுப்பிலிருந்து தாச்சி இறங்க வேண்டும். அதற்கு அவளிடம் இருந்த ஒரே கருவி கண். இரண்டு மாதத்துக்கு முன், யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண மண்டபத்தைப் பார்த்து மயங்கிப்போன கதிர்காமநாதன், குசினியில் இருந்த பழைய லைற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, அதேமாதிரியான பொன்மஞ்சள் பல்பு ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். அந்த வெளிச்சத்தில் எல்லாமே அழகாக இருந்தன. கருகிய மிளகாயும் அழகாகச் சிவந்தே இருந்தது.

பக்கத்து ஒழுங்கைத் தயாளினிதான் ரொறன்ரோவிலிருக்கும் தன் தமக்கைக்குத் தூள் அனுப்புகிறவள். ஒருநாள் படலையடியில் நின்றபடியே, “அக்கா, குறை நினைக்காதேங்கோ. இந்தமுறை தூள் கசக்குதாம்” என்றாள். நாகேஸ்வரி வீட்டில் மிஞ்சியிருந்த தூளைக் கொண்டுவந்தாள். ஒரு சிமிட்டா எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு தாச்சியை மினுங்க மினுங்கக் கழுவி, குசினி மூலையில் கவிழ்த்து வைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் பைக்கற் தூள்.

மூன்று கிழமையாகக் கதிர்காமநாதன் செங்கட்டியைக் கரைத்துச் சோற்றில் விட்டதுபோன்ற குழம்பைத் தின்றுகொண்டிருந்தார். வாய் திறந்து குறை சொல்லவும் வழியில்லை. சொன்னால் கதை பல்பில்தான் போய் முட்டும். மனிதர் விவசாய அமைச்சுக்கு இதுவரை பதினெட்டு மகஜர் எழுதியவர். அவருக்கு இப்போது உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்தத் தாச்சி நிமிர வேண்டும்.

சனிக்கிழமை, கிளிநொச்சியில் தவராசாவின் மின்சாரச் சாமான் கடையில் தலைவருக்கு நல்ல வரவேற்புக் கிடைத்தது. கதிரை வந்தது. சோடா வந்தது. வட்டமாக, சதுரமாக, நிலாப்போல என்று கூரையெங்கும் விளக்குகள் தொங்கின.

“தலைவர், இதைப் பாருங்கோ. மூண்டு நிறம் மாறும். ரிமோட்டும் இருக்கு.”

ரிமோட் என்ற சொல் கதிர்காமநாதனின் உள்ளே எங்கோ போய் இனித்தது. அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லப்போகும் வசனத்தைக்கூட மனம் அடுக்கத் தொடங்கிவிட்டது. அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, “ஒரு வீட்டின்ர இருதயம் எது எண்டால், தம்பி, குசினி” என்று ஆரம்பித்தார்.

நாகேஸ்வரி கைப்பையிலிருந்து இரண்டு கடதாசிச் சரைகளை எடுத்தாள். மேசையில் ஒரு பேப்பரை விரித்து, பக்கம் பக்கமாக இரண்டு சின்னக் குவியல் கொட்டினாள்.

“இது நல்ல தூள். இது கருகினது. லைற் எல்லாத்தையும் ஒவ்வொண்டாப் போட்டுக் காட்டுங்கோ தம்பி. எதிலை வித்தியாசம் தெரியுதோ அதுதான் எனக்கு வேணும்.”

தவராசா இருபது வருடமாக வியாபாரம் செய்கிறவன். பல்பு எத்தனை வோட்ஸ் என்று கேட்டிருக்கிறார்கள், விலை கேட்டிருக்கிறார்கள், சாமான் வாங்காமல் சோடா மட்டும் குடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. இப்படி ஒரு சோதனை அவன் கண்டதில்லை. கொஞ்சம் சுவாரசியம் பிடித்து, முதலில் மஞ்சள் பல்பைப் போட்டான்.

“ரெட்டைப் பிள்ளையள் மாதிரி இருக்கு” என்றான். “அக்கா, குசினிக்கு இந்த மஞ்சள் சரிவராது. உங்கட வீட்டிலை இதுதானோ கிடக்கு? ஆர் வாங்கித் தந்தது? ஏதும் விசரனோ?”

கதிர்காமநாதன் பக்கத்திலிருந்த மின்விசிறிப் பெட்டியில் எழுதியிருந்ததை மிகுந்த ஈடுபாட்டோடு வாசிக்கத் தொடங்கினார். அது சீன மொழியில் இருந்தது.

“தெரிஞ்ச ஆள் ஒருத்தர்” என்றாள் நாகேஸ்வரி. “நல்ல மனுசன். கதைதான் கூட.”

வெள்ளை எல்.ஈ.டி.யில் இரண்டு குவியலும் கறுத்தன. ரிமோட் விளக்கில் மூன்று நிறத்தில் மூன்று விதமாக ஏமாற்றின. கதிர்காமநாதனுக்கு வியர்த்தது. “காத்தே இல்லை. அந்த ஃபானைக் கொஞ்சம் கூட்டிவிடும்” என்று உத்தரவிட்டு, இருதயத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “இருதயம் எண்டு ஏன் சொல்லுறனெண்டால்...”

ஏன் என்பது இன்றுவரை தெரியவரவில்லை. தூள் எழும்பியது. தலைவர் பதினொரு தடவை தும்மினார். தவராசா எண்ண முயன்று, ஏழில் தானும் சேர்ந்துகொண்டான்.

மிஞ்சியதைப் பேப்பரோடு அள்ளிக்கொண்டு நாகேஸ்வரி காற்றில்லாத இடம் தேடிப் பின்னறைக்குள் போனாள். தவராசா பழுதுபார்க்கும் மேசை அங்கே இருந்தது. பேப்பரை வைத்துவிட்டுப் பார்த்தவள் அப்படியே நின்றாள். ஒரு குவியல் காய்ந்த முருக்கம்பூவின் சிவப்பு. மற்றது தேயிலைச் சக்கை. நிமிர்ந்து பார்த்தாள். மேலே தூசி பிடித்த பழைய நாலடி ரியூப் லைற் ஒன்று மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

“இதுதான்.”

“ஐயோ அக்கா, சோக்கும் ஸ்ராட்டரும் வைச்சது. இப்ப ஆரும் உந்தப் பழசை வாங்கிறேல்லை. பெட்டியோடை ரெண்டு செற் பரணிலை கிடக்கு, எறியிறதுக்கு வைச்சிருக்கிறன்.”

“ரெண்டையும் எடுங்கோ. அடுப்புக்கு மேலை ஒண்டு, மரக்கறி வெட்டுற மேசைக்கு மேலை ஒண்டு.”

திரும்பும்போது கதிர்காமநாதன் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நாகேஸ்வரி பின்னாலிருந்து ரியூப் இரண்டையும் வேல் பிடித்ததுபோல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். சந்திக்குச் சந்தி ஆட்கள் மறித்துக் கேட்டார்கள். “எல்லாம் ஆராய்ஞ்சு, பரிசோதனை செய்து பாத்துத்தான் இதைத் தெரிவு செய்தனான்” என்று தலைவர் விளக்கினார். பின்னாலிருந்தவள் ரியூப் இரண்டையும் இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தாள். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியது. வயல் பச்சையாகக் கிடந்தது. அவருக்குப் பாட வேண்டும்போல இருந்தது. பாடினார். “முன்னுக்குப் பாத்து ஓடுங்கோ” என்றாள் நாகேஸ்வரி.

திங்கட்கிழமை விடியப்புறம் தாச்சி நிமிர்ந்தது. கதிர்காமநாதன் குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, மிளகாய் நெடியில் கண்ணீர் வழிய வழிய, அவ்வளவு நிம்மதியாக இருமினார். அவள் அகப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள், சட்டென்று கை நின்றது, தாச்சி இறங்கியது. “வந்திட்டுது” என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. அவர் தனக்கென்றே எடுத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்குத் தயாளினி வந்தாள். தூளை முகர்ந்தாள், ஒரு சிமிட்டா நாக்கில் வைத்தாள். “இதுதான் அக்கா. இதுதான் உங்கட தூள்.” நாகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். கதிர்காமநாதன் பட்டப்பகலில் இரண்டு ரியூப் லைற்றையும் போட்டுக் காட்டி, ஒளி என்றால் என்ன என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசினார். தயாளினி பொறுமையாகக் கேட்டாள். பிறகு அன்று அரைத்த ஐந்து கிலோவையும் கட்டிக்கொண்டு, போன முறைக்கு ஈடாக நாகேஸ்வரி வீட்டுக்கென்று வைத்திருந்து வலிந்து கொடுத்த கடைசிப் போத்தல் தூளையும் வாங்கிக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் தலைவருக்கு வைத்த மீன்குழம்பு, பைக்கற் தூளில் வைத்தது.