ஆட்டுப்பட்டிக்கு அடியில் கிடந்த கல்

...நாலடி தோண்டியாயிற்று, இன்னும் மண்தான், புழுக்கை கலந்த கறுப்பு மண், நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் ஏன் அவரையே பார்க்கிறேன், குழியைப் பார்த்தால் அதன் விளிம்பில் நிற்கும் அப்பாவையும் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தானா... அவர் பக்கத்தில் ஊர்க்காரர்கள் ஒருவரும் இல்லை, பண்ணையின் பழைய கங்காணி காசியானோ தார்கிக்கு ஆண்டிஸ் மலைமேல் எங்கள் ஐமாரா பழங்குடி ஊரில் நாற்பது வருஷமாக யாரும் வணக்கம் சொன்னதில்லை, அவர் மகள் என்பதால் நெமேசியாவான எனக்கும் இல்லை. ஊர் வரலாற்றுக் குழுவில் சேரப் போன அன்று தலைவி இலாரியா கேட்டாள், "ஒங்கப்பன் சாட்டையால அடிச்ச கதையையும் நீயே பதிவு பண்ணுவியாக்கும்?" பண்ணினேன், மூன்று குளிர்காலம், டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக, அடிபட்டவர்கள் சொல்லச் சொல்லத் தலை நிமிராமல் எழுதினேன், பண்ணை பிடுங்கிக்கொண்ட ஏரிக்கரை மேய்ச்சல் நிலம் நம்முடையது என்று எல்லோரும் சொன்னார்கள், பட்டயமும் கிடைத்தது, அதில் எல்லைக்கல் உண்டு, ஆனால் கல் எங்கே... அது தெரிந்த ஒரே மனிதர் என் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுவார், போன மாதம் ஒருநாள், காயவைப்பதற்காக, பனியில் உறைந்த உருளைக்கிழங்கை நீர் போக மிதித்துக்கொண்டிருந்தவர் தானாகவே அந்த டேப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார், நாற்பது நிமிஷம் பேசினார், முதலாளி சொல்லித் தன் கையாலேயே கல்லைப் பெயர்த்து, நின்ற இடத்திலேயே ஆழமாகப் புதைத்ததை, மேலே ஆட்டுப்பட்டி போட்டதை... இன்று காலை அந்த நாடாவைக் கேட்டுவிட்டுப் பண்ணை வாரிசின் வக்கீல் சிரித்தார், "கொக்கா இலைய மென்னுக்கிட்டு கெழவன் ஒளர்றதெல்லாம் சாட்சியாங்கய்யா?" தோண்டிப் பார்த்துவிடலாமே என்றார் நீதிபதி. இதோ, வக்கீல் கோப்பை மூடுகிறார், மண்வெட்டிகள் தயங்குகின்றன, அப்பா குழியைப் பார்த்தபடியே சொல்கிறார், "ஆறடி. பொதச்சவனுக்குத் தெரியாதா? தோண்டுங்க." தோண்டுகிறார்கள், அவர் பொய் சொல்லியிருந்தால், மறந்திருந்தால்... ணங்.

கல்தான், பட்டயத்தில் வரைந்திருக்கும் அதே சிலுவைக் குறி, நீதிபதி குழிக்குள் இறங்கி விரலால் தடவுகிறார், எல்லை இதுதான், நிலம் ஊருக்கே என்று எழுத்தரை எழுதச் சொல்கிறார், கொம்புகள் முழங்குகின்றன, கிழவிகள் தொப்பியைக் கழற்றி வீசுகிறார்கள், இலாரியா என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், "நம்ம பெட்டி பேசிடுச்சுடி", யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், முகம் தெரியவில்லை, எனக்கும் கண்ணீர் கண்ணை மறைக்கிறது, ஜெயித்துவிட்டோம், நாங்கள் எழுதி, நாங்கள் கேட்டு, நாங்கள் தோண்டி ஜெயித்துவிட்டோம்... அப்பா எங்கே? ஏரிப்பக்கம் தனியாக நடந்து போகிறார், வேகமாக, முதுகு நிமிர்ந்து. அன்று பேசி முடித்ததும் "போதுமா?" என்று கேட்டாரே, நாடா தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறார் என நினைத்து, போதும் என்று பொத்தானை அமுக்கினேன்... செய்ததற்கு இது ஈடாகுமா என்று என்னைத்தான் கேட்டாரோ?