பதில் சொல்லாத சிப்

கொழும்பு முகத்துவாரத்தில் ஸஹாப்தீன் ஹாஜியாரின் மீன் குளிரறை, பௌர்ணமிப் போயாவோடு வந்த நீண்ட விடுமுறை முடிந்து திறக்கப்பட்டபோது கதவருகே யாராலும் நிற்க முடியவில்லை. உள்ளே இருந்த சரக்கு முழுவதும் கெட்டுப்போயிருந்தது. ஆனால் அலுவலகத்துக் கணினி, விடுமுறை முழுக்க அறையின் வெப்பநிலை மைனஸ் பதினெட்டு என்றே காட்டியிருந்தது.

ஹாஜியார் அதிகம் யோசிக்கவில்லை. மெஷின் சரி என்றால் மனுசன்தான் பிழை. குளிரறையின் சாவி காவலாளி வேலுசாமியிடம் இருந்தது. குளிரூட்டியை நிறுத்திவிட்டு, மெஷினையும் ஏதோ செய்து கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறான் என்று அவர் பொலிசில் முறையிட்டார். அது இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்த காலம். பொலிஸ் மீனைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. வயர்லஸ் மெஷின், அதில் கை வைத்தவன் தமிழன், அடையாள அட்டையில் மலையகத்து ஹட்டன் விலாசம், இருப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறை. வேலுசாமியை உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

அந்த மெஷினைச் செய்தது இரத்மலானையில் இருந்த ஒரு சின்னக் கம்பனி. குளிரறைக்குள் இருக்கும் பெட்டி வெப்பநிலையை அளந்து காற்றில் அனுப்பும். வெளியே இருக்கும் பெட்டியில் உள்ள வயர்லஸ் சிப் அதை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும். கம்பனியின் முதலாளி சவுந்தரநாயகம். அங்கே வேலை செய்த நாகேந்திரம் யாழ்ப்பாணத்துக்காரன், முப்பத்திரண்டு வயது, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தான். ஹாஜியாரின் தொலைபேசி அழைப்பு வந்ததும் வெளியே இருந்த அந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தவனும் அவன்தான். பெட்டியின் மூடியில் ஒரு திருகாணி தளர்ந்திருப்பதைக் கண்டான். அவனுக்கும் வேலுசாமி மேல்தான் சந்தேகம் போனது.

மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. பிறகு டிரைவரைத் திறந்தான். சிப்போடு பேசுகிற மென்பொருளுக்கு அந்தத் தொழிலில் டிரைவர் என்று பெயர். அதைச் சவுந்தரநாயகமே சில வருடங்களுக்கு முன் எழுதியிருந்தார். நாகேந்திரம் பாதியில் நிறுத்தி, மேலே போய்த் திரும்ப வாசித்தான். டிரைவர் சிப்பிடம் கேட்கிறது. சிப் பதில் தந்ததா, தரவில்லையா என்று பார்ப்பதே இல்லை. பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண் நினைவகத்தில் அப்படியே கிடக்கும். அதையே எடுத்துத் திரைக்குக் கொடுத்துவிடும்.

"சேர், இதில ஒரு இடத்திலயும் செக் பண்ணேல்லை. சிப் செத்துக் கிடந்தாலும் மைனஸ் பதினெட்டு எண்டுதான் காட்டும்" என்றான்.

சவுந்தரநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை இடத்தில ஓடுது. ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததா?"

"வராது சேர். பிழை எண்டு சொல்ல அதுக்குத் தெரியாதே."

"சரி, செக் போடு. புது வெர்ஷன் எண்டு குடு. பழசைப் பற்றி ஹாஜியாரிட்ட கதைக்க வேண்டாம்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் நாகேந்திரத்துக்கு உறுத்தியது. இது அவருக்கு முன்பே தெரியுமோ என்று நினைத்தான். கேட்கவில்லை.

ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் சோதனை சேர்த்தான். சிப் பதில் தராவிட்டால் மூன்று முறை திரும்பக் கேள். அப்போதும் இல்லையென்றால் எண்ணைக் காட்டாதே, பிழை என்று காட்டு. வந்த தரவு பாதியில் சிதைந்திருந்தாலும் பிழை. மேசையில் ஓட்டினான். ஒரு பிழையும் வரவில்லை. அப்படியென்றால் வேலுசாமிதானோ என்ற எண்ணம் மறுபடி தலைதூக்கியது. மெஷின் பொய் சொல்லக்கூடும் என்பது தெரிந்துவிட்டது. சொன்னதா என்பது தெரியவில்லை.

மறுநாள் பெட்டியை முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே பொருத்தினான். ஹாஜியார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்களும் அவனும் தெரிஞ்சாக்களா?"

"இல்லை ஹாஜியார். நான் அவரைக் கண்டதே இல்லை."

"சும்மா கேட்டது." ஆனால் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

காலை முழுக்க மைனஸ் பதினெட்டுதான். பகல் சாப்பாட்டுக்குப் பின் வேலையாட்கள் ஐஸ் உடைக்கும் மெஷினைப் போட்டார்கள். அது உறுமிக் கிளம்பியபோது கூரை விளக்கு ஒரு கணம் மங்கியது. திரையில் எண் மறைந்து, பிழை, சிப் பதில் இல்லை என்று வந்தது. விளக்கு பழையபடி எரிந்தது. திரை மாறவில்லை. மின்சாரம் இறங்கியதில் சிப் அப்படியே உறைந்துபோயிருந்தது.

நாகேந்திரம் பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டான். எண் வந்தது. ஐஸ் மெஷினை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னான். மறுபடியும் பிழை.

"கரண்ட் இறங்கினா குளிரூட்டியும் நிண்டு போகுமா, ஹாஜியார்?"

"சில நேரம் நிக்கும். நாங்க போய்த்தான் திரும்பப் போடுற." சொல்லிவிட்டு அவர் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "போயாவுக்கு முந்தின நாள் கடைசியா ஐஸ் மெஷினப் போட்டது நான்தான். போட்டு நிப்பாட்டிட்டு வூட்ட போன. வேலுசாமி வந்து திரையப் பாத்தீப்பான். மைனஸ் பதினெட்டு. அவன் என்னத்துக்கு உள்ளுக்குப் போற?"

பொலிசுக்குப் போகவேண்டும் என்று நாகேந்திரம்தான் சொன்னான். சவுந்தரநாயகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது அவர் தடுத்தார். "அன்டெனா வைச்ச பெட்டியோட யாழ்ப்பாணத்துப் பெடியன் பொலிசுக்குப் போறதா? யோசிச்சுத்தான் கதைக்கிறியா? ஹாஜியார் முறைப்பாட்டை வாபஸ் வாங்கட்டும். போதும்."

"அவை விட மாட்டினம் சேர். என்ன நடந்தது எண்டு கேப்பினம்."

"எண்டா உன்ர பேரில போ. கம்பனி பேரை எடுக்காத."

ஹாஜியாரின் வேனில் போனார்கள். பெட்டியைக் கண்டதும் வாசலில் நின்ற காவலர் பின்னால் நகர்ந்தார். கால் மணி நேரம் மூன்று பேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே சார்ஜன்டின் மேசைக்கு விட்டார்கள். ஹாஜியார் சிங்களத்தில் பேசினார். நாகேந்திரம் கொண்டுவந்த மடிக்கணினியோடு பெட்டியை இணைத்து முதலில் பழைய டிரைவரை ஓட்டினான். சிப்புக்குப் போகும் வயரைப் பிடுங்கினான். எண் அசையாமல் நின்றது. புதிய டிரைவரைப் போட்டு மறுபடி பிடுங்கினான். பிழை வந்தது.

சார்ஜன்ட் அவனிடமிருந்து வயரை வாங்கித் தானே செருகிப் பிடுங்கிப் பார்த்தார். "பறண எக்க பொரு கியனவா" என்றார். பழையது பொய் சொல்கிறது. அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாகேந்திரமும் சிரிக்கப் பார்த்தான்.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "மல்லி, கம கொஹேத?" என்று அவன் சொந்த ஊரைக் கேட்டார். அடையாள அட்டையையும், கொழும்பில் தங்கும் தமிழர்கள் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் வாங்கி நிதானமாகப் பார்த்து, வெள்ளவத்தை விலாசத்தை எழுதிக்கொண்டார். பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் வேலுசாமியை விட்டார்கள். மெலிந்த மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும், இடது காலை ஊன்றாமல் நடந்து வந்தார். ஹாஜியார் முன்னால் போய் அவர் கையைப் பிடித்தார். "பிழை என்ட பக்கம். நாளைக்கு வேலைக்கு வாங்க."

வேலுசாமி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "பெட்டி மூடி லூசா இருந்திச்சுன்னு கேட்டு கேட்டு அடிச்சாங்க முதலாளி. நான் அந்தப் பெட்டிய தொட்டதே இல்லீங்க. நான் வரல."

பெட்டியைக் கழற்றிய அன்றே திருகாணியைப் பற்றி ஹாஜியாரிடம் சொன்னது நாகேந்திரம்; ஹாஜியார் அதைப் பொலிசில் சொல்லியிருந்தார். ஹாஜியார் அவனைப் பார்க்கவில்லை. அவன் வாய் திறப்பதற்குள் வேலுசாமி வீதியைக் கடந்துவிட்டார்.

பிறகு ஒரு காலையில் இரண்டு பேர் வெள்ளவத்தைக்கு வந்து, வயர்லஸ் வைத்திருக்கும் பையன் யார் என்று வீட்டுக்காரர் கனகசபாபதியிடம் கேட்டார்கள். அறையைக் கிளறிவிட்டு ஒன்றும் இல்லை என்று போனார்கள். "தம்பி, குறை நினையாதேங்கோ, வேற இடம் பாருங்கோ" என்றார் கனகசபாபதி. சவுந்தரநாயகம் புதிய டிரைவரை எல்லா இடத்துக்கும் அனுப்பினார், பிழை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அதை மட்டும் நாகேந்திரம் செய்யவில்லை. அவரும் பிறகு வற்புறுத்தவில்லை.

அவனுக்கு வத்தளையில் ஓர் அறை கிடைத்தது. ஒருநாள் நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் வேலுசாமியைக் கண்டான். அவர் அந்த வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. போய் உட்கார்ந்தான்.

"அண்ணை, அந்தத் திருகாணி விசயம் சொன்னது நான்தான்."

"தெரியும் சார். ஹாஜியார் ஆள் அனுப்பி சொன்னாரு. நீங்கதான் வெளிய எடுத்தீங்கன்னும் சொன்னாரு." வேலுசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ரெண்டும் கேட்டேன்."

ஆற்றுப் பாலத்தடியில் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நாகேந்திரம் அவருக்குப் பின்னால் போய் நின்றான். வேலுசாமி திரும்பாமலே சொன்னார்.

"ரெண்டு பேரு பேரும் ஒரே கேசுல இருக்கு. சேந்து நிக்க வேணாம் சார்."

நாகேந்திரம் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தான்.