மீசை வைத்த எலும்புக்கூடு

மேயர் தோன் பால்தசாருக்குப் பத்திரிகைக் கார்ட்டூன்களின் பொருளைச் சொல்வதுதான் நிக்கனோரின் உத்தியோகம். மேயரைக் கழுதையாக வரைந்திருந்தால் உழைப்பாளி என்பான். பன்றி என்றால் ஊர் செழிப்பாக இருக்கிறது. இவனுக்கு முன்னால் இருந்தவன் கழுதையைக் கழுதை என்றே சொல்லிவிட்டு, இப்போது கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறான்.

அன்று இறந்தோர் நாள். மெக்சிகோவில் அன்றைக்கு எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் உயிரோடிருக்கும் பெரிய மனிதர்கள் எலும்புக்கூடாக ஆடுவார்கள். அதில் இல்லாதவர்தான் உண்மையில் செத்தவர்.

ஓவியர் எவ்லாலியா அன்றைய பத்திரிகையில் வரைந்த படத்தில் மேயர் காலையிலிருந்து தன்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நாய் பிடிக்கிற அதிகாரிகூட இருக்கான். நான் எங்கடா?"

நிக்கனோர் பார்த்தவுடனே கண்டுபிடித்திருந்தான். யாரோ வீட்டுப் படையலிலிருந்த ரொட்டிகளை ஒரு எலும்புக்கூடு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. சதையில்லாத முகத்தில் மீசை மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது. அந்த மீசையை மேயர் போன வாரம்தான், மனைவி சொல்லி, எடுத்திருந்தார்.

சொன்னால் புல் வெட்ட வேண்டியதுதான். ஆனால் மேயரின் கண் கலங்கியிருந்தது.

"என்னை ஒரு மனுஷனாவே மதிக்கலை, படம் வரைஞ்ச அந்தம்மா."

நிக்கனோருக்கு மனசு கேட்கவில்லை.

"மதிச்சிருக்காங்க ஐயா. அந்த மீசைக்காரர் நீங்கதான்."

"ரொட்டி திருடுறானே, அவனா?"

"அவரேதான். நீங்க மீசை எடுத்தது அவங்களுக்குத் தெரியாது போல."

மேயர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நிக்கனோர் மனதுக்குள் அரிவாளைத் தீட்டத் தொடங்கினான்.

"மூட்டை எவ்வளவு பெரிசு பார்த்தியா?" என்றார் மேயர். "ஆளுநருக்கே இதுல பாதிதான் போட்டிருக்கா."

"பாதிகூட இல்லைங்க."

"இதைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டணும். சரி, பக்கத்துல குட்டையா ஒருத்தன், மூட்டை மேல 'நன்கொடை'ன்னு சீட்டு ஒட்டுறானே, அது யாரு?"

"தெரியலைங்க."

"வட்டக் கண்ணாடி போட்டிருக்கான்."

நிக்கனோர் மெல்லத் தன் வட்டக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

"நாளைக்கும் வேலைக்கு வா," என்றார் மேயர். "இனிமே கழுதைன்னா கழுதைன்னே சொல்லு. இத்தனை நாள் உழைப்பாளின்னு நம்பி நானும் தேவையில்லாம உழைச்சிட்டேன்."

அன்று மாலையே மேயர் மீசை வளர்க்க ஆரம்பித்தார். நிக்கனோர் கடைக்குப் போய் அதே பத்திரிகையில் ஒரு கட்டு வாங்கி, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தான். குட்டை எலும்புக்கூட்டைச் சுற்றி, யாரும் தவறவிட்டுவிடக் கூடாதே என்று, சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.