அவளுக்காகப் பேச ஒரு ஆள்

"பாத்துட்டு வந்துட்டோம்," என்றான் கணவன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அவள் மதியம் போட்டுக்கொண்டு போகவேண்டிய உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எதை?" என்று கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. அவன் கையில் தொங்கிய வழவழப்பான பையில் அந்தப் புதுக் குடியிருப்பின் படம் இருந்தது. நீலக் கண்ணாடி பால்கனி. அதில் ஒருநாளும் வியர்க்காத ஒரு குடும்பம் நின்று சிரித்தது.

"வீட்டைத்தான். அடேங்கப்பா, என்ன சமையல்கட்டு தெரியுமா? உள்ள போனா நீ வெளியவே வரமாட்ட."

அவன் பின்னாலேயே நாத்தனார் கணவர் நுழைந்தார். அந்தக் குடும்பத்தில் அவருக்கு 'விவரம்' என்று பெயர். வண்டி வாங்குவதா, பல் பிடுங்குவதா, எதற்கும் அவரைக் கேட்காமல் யாரும் கை வைப்பதில்லை. எதிரில் மரியாதையாகவும் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் இழுத்தும் சொல்லப்படும் பெயர் அது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒரு வாய் தண்ணி குடும்மா. பேசிப் பேசித் தொண்டை வறண்டு போச்சு," என்றார்.

அவள் முதலில் ப்ளக்கைப் பிடுங்கினாள். எந்தக் கோபத்திலும் துணியைத் தீயவிடுகிறவள் இல்லை அவள்.

"மூணு மணிக்கு அந்த அம்மாவோட போறேன்னு நேத்து ராத்திரிதானே சொன்னேன்?"

"அதனாலதாம்மா நாங்க முந்திக்கிட்டோம்," என்றார் விவரம். "வெளியாள் வந்து நடுவுல பூந்துட்டா அப்புறம் நம்ம பேச்சு எடுபடாது. நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உனக்கு எதுக்கும்மா தனியா ஒரு பொம்பளத் தரகர்?"

"வாசல்ல பேரு குடுத்தீங்களா?"

"பின்ன? பேரு, போன் நம்பரு, போட்டோ, எல்லாம் எடுத்தாங்க. ராஜ மரியாதை. ஜூஸ் வேற குடுத்தாங்க."

"யார் பேரு?"

கணவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "யார் பேருன்னா? இது என்ன கேள்வி? என் பேருதான்."

அவள் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அவளை 'ஊசி அக்கா' என்பார்கள். ரத்தம் எடுக்கும் பிரிவில் அவள்தான் மூத்தவள். எவ்வளவு சுருங்கிய கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். அழுகிற குழந்தைகளை மற்றவர்கள் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். நிரந்தர வேலை, ஒழுங்கான சம்பளம். கணவனின் மோட்டார் உதிரிபாகக் கடை மூடிப் போன பிறகு, வீட்டில் ஒழுங்காக வருவது அது ஒன்றுதான்.

முன்பு ஒரு வீடு இருந்தது. மாமனாருடைய வீடு. அதன் மேல்மாடியை எழுப்பியதே அவள் சம்பளமும் அவள் கழுத்தில் கிடந்ததும்தான். ஜன்னலுக்கு எந்தப் பக்கம் காற்று வரும் என்று கொத்தனாரோடு வெயிலில் நின்று பார்த்தவள் அவள். ஒருநாள் ஏதோ சின்னச் சண்டை. குழம்பில் உப்பு என்பது போன்ற ஒன்று. கணவன் கையை நீட்டி வாசலைக் காட்டி, "இது என் வீடு. பிடிச்சா இரு, இல்லைன்னா கிளம்பு," என்றான். அன்று மாலையே மறந்தும் விட்டான். நல்ல மனுஷன்தான், அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. ஆனால் அவள் அந்த வாக்கியத்தைப் பல வருஷமாக வயிற்றில் சுமந்தாள். மாமனார் காலமானதும் வீடு விலைபோனது. மேல்மாடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் வந்த பங்கையும் கடை விழுங்கிவிட்டது.

இந்தத் தடவை தன் பேரில் ஒரு கதவு வேண்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான். யாரையும் வெளியே போகச் சொல்வதற்கு அல்ல. யாரும் தன்னைப் போகச் சொல்ல முடியாமலிருப்பதற்கு.

அந்தத் தரகர் அம்மா அவளிடம் ரத்தம் கொடுக்க வந்தவள். வலிக்கவே இல்லையே என்று வியந்து, பேச்சுக் கொடுத்து, பேச்சு வீட்டில் வந்து நின்றது. ஒரு காலத்தில் கட்டுமானக் கம்பெனியின் விற்பனை அலுவலகத்திலேயே வேலை பார்த்தவளாம். இப்போது தனியாக, வாங்குகிறவர்கள் பக்கம் நின்று பேசுகிறாள்.

"புது வீடு விக்கற ஆபீஸ்ல சிரிச்சுப் பேசற பொண்ணு, ஜூஸ் நீட்டறவரு, சாவிக்கொத்து வச்சிருக்கறவரு, எல்லாரும் கட்டினவங்க ஆளுங்கம்மா. பாவம், கெட்டவங்க இல்ல. ஆனா அவங்க ஆளுங்க. அந்த ரூம்ல உங்க ஆளுன்னு ஒருத்தர் வேணும்," என்றாள் தரகர் அம்மா, பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டே. "ஒண்ணே ஒண்ணு. முத முதல்ல போகும்போதே என்னைக் கூட்டிட்டுப் போகணும். வாசல்ல யார் பேரு எப்படிப் பதியுதோ அதுதான் கடைசிவரைக்கும். தனியா போயிட்டு அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போனீங்கன்னா, என்னை ஆளா மதிக்க மாட்டாங்க."

அவள் அன்று வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் தன் கல்யாணம் பேசிய நாளை நினைத்துக்கொண்டாள். எத்தனை பேர் அந்த அறையில்! அப்பாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து முடிக்கும் அவசரம். அம்மாவுக்கு வந்தவர்கள் முகம் கோணக்கூடாதே என்ற பயம். மாமாக்களுக்குப் பேச்சு ருசி. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் சொந்தம். அவளுடைய ஆள் என்று ஒருவர் இருந்தாரா என்று தேடிப் பார்த்தாள். தன்னைக்கூட அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. அவளும் அன்று அவர்கள் பக்கம்தான் இருந்தாள்.

இதையெல்லாம் நேற்று இரவு கணவனிடம் ஏன் சொன்னாள்? அதுதான் அவளுக்கே ஆறவில்லை. ஒளித்துச் செய்யத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் சம்மதம் கிடைத்துவிடும் என்று ஏதோ ஒரு பழைய பழக்கம். அவன் "சரி, பாக்கலாம்" என்றான். பிறகு மாடிப்படியில் நின்று விவரத்துக்குப் போன் போட்டான். அதில் சூது இருந்ததா, வெறும் பழக்கமா என்று அவளால் கடைசிவரை முடிவு கட்ட முடியவில்லை. அவனாலும் முடிந்திருக்காது.

மூன்று மணிக்குத் தரகர் அம்மா புதுக் குடியிருப்பின் விற்பனை அலுவலகத்தில் வந்து நின்றாள். கணவனும் விவரமும் கூடவே வந்தார்கள். வாசலில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண் கணவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க சார், காலையிலதானே வந்தீங்க! மேடம்..?"

"வைஃப்."

"ஓ, ஃபேமிலியா! அப்ப நீங்க தனியா பேரு குடுக்க வேண்டாம் மேடம். சார் பேர்லயே வந்துடுவீங்க."

"நான் இவங்களோட ஏஜென்ட்," என்றாள் தரகர் அம்மா.

பெண்ணின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. உள்ளே போய் மேலாளரைக் கூட்டிவந்தாள். அவர் கைகூப்பாத குறையாகப் பேசினார். "உங்களைத் தெரியாதா மேடம்? ரூல் உங்களுக்குத் தெரியாததா? சார் காலையிலயே நேரடியா வந்துட்டாரு. அவரு எங்க கஸ்டமர். நீங்க வெளிய உக்காருங்க. ஃபேன் இருக்கு."

"வீடு வாங்கறது நான்," என்றாள் அவள். தன் குரல் அந்தக் கண்ணாடிக் கதவில் பட்டுத் திரும்பியதைப் போலிருந்தது.

மேலாளர் கணவனைப் பார்த்தார். கணவன் விவரத்தைப் பார்த்தான். விவரம் சிரித்தார். "ரெண்டு பேரும் ஒண்ணுதானே சார். நீங்க வீட்டைக் காட்டுங்க."

தரகர் அம்மா வெளியிலேயே நின்றுவிட்டாள். அதற்கு முன் இவள் கையில் ஒரு கோலிக்குண்டை வைத்து, "தரையில போட்டுப் பாருங்க. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல திறங்க," என்று மட்டும் சொன்னாள்.

மாடல் வீட்டில் கட்டில் குட்டையாக இருந்தது. அறை பெரிதாகத் தெரிய வேண்டுமென்று அப்படிச் செய்து போட்டிருந்தார்கள். உள்ளறைகளுக்குக் கதவே இல்லை. அவள் உண்மையான வீட்டைக் காட்டச் சொன்னாள். கோலியைத் தரையில் வைத்தாள். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, குளியலறையிலிருந்து கூடத்தைப் பார்த்து உருண்டது.

"என்னம்மா, கோலி விளையாட வந்தியா?" என்றார் விவரம். மேலாளரும் கணவனும் சிரித்தார்கள்.

"தண்ணி இந்தப் பக்கம்தான் ஓடும். குளிக்கற தண்ணி கூடத்துக்கு வரும்," என்றாள்.

"அதெல்லாம் ஃபினிஷிங்ல சரியாயிடும் மேடம்."

"சரி பண்ணிட்டு அப்புறம் புக் பண்றோம். என் பேர்ல."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "புக்கிங்... காலையிலயே சார் தன் பேர்ல டோக்கன் அட்வான்ஸ் கட்டிட்டாரே."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் குனிந்து கோலியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆனால் எதற்கு வெட்கப்படுகிறோம் என்பதுதான் தெரியவில்லை. அது மனைவி ஊரார் முன் கோலி உருட்டியதற்கு என்று நினைத்துக்கொண்டான்.

வெளியே வந்தபோது தரகர் அம்மா அவள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். தள்ளி அழைத்துப் போய், "இனிமே எனக்கு இங்க வேலை இல்லம்மா. ஆனா உங்க கையில ஒண்ணு மிச்சம் இருக்கு. உங்க சம்பளம் இல்லாம பேங்க் லோன் குடுக்காது. அங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேளுங்க. போட்ட பின்னாடி இல்ல," என்றாள்.

"நீங்க வருவீங்களா?"

"கூப்பிட்டா வருவேன். ஆனா யாரா வருவேன் சொல்லுங்க?"

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் ஒரு கல்யாணக்களை வந்துவிட்டது. கணவன் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தான். நாத்தனார் போன் செய்து, திரை என்ன நிறத்தில் வாங்கலாம் என்று கேட்டாள். கல்லூரியில் படிக்கும் மகன் புது வீட்டு வரைபடத்தில் தன் அறைச் சுவரை அளந்து, எங்கே டிவி மாட்டலாம் என்று பார்த்துவைத்தான். அவள் வங்கியில் சொல்லவேண்டிய ஒரே வாக்கியத்தை மட்டும் மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். ஊசி குத்தும்போது, பேருந்தில் தொங்கும்போது, பாத்திரம் கழுவும்போது. சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போனது.

வங்கியில் ஒரு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவள், கணவன், விவரம், மகன். எதிரே ஒரு இளம் அதிகாரி. காகிதங்களை அவள் பக்கம் தள்ளி, பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தான்.

அவள் பேனாவை வாங்கவில்லை. "பத்திரத்துல என் பேரையும் போட்டா நான் கையெழுத்துப் போடறேன்," என்றாள்.

நினைத்ததைவிடத் தெளிவாகவே வந்தது.

"போடலாம், போடலாம்," என்றார் விவரம், குழந்தைக்குச் சொல்வதுபோல. "இப்ப மாத்தினா எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். குடிபோயிட்டு மெதுவா சேத்துக்கலாம். எங்க ஓடிடப் போகுது?"

"மெதுவா இல்லண்ணா. இப்ப."

கணவனின் காது மடல் சிவந்தது. "என்னை நம்பலையா நீ?" என்று கேட்டான். "இத்தனை வருஷத்துல உன்னை ஒரு சொல் சொல்லியிருப்பேனா?"

அவள் வாயில் அந்தச் சொல் நின்றது. வாசலைக் காட்டிய அந்தக் கை. ஆனால் அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது, அது பொய்த் தண்ணீர் இல்லை. அவனுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. ஞாபகமில்லாத ஒருவனிடம் எதை எடுத்துக் காட்டுவது?

அவள் மகனைப் பார்த்தாள். பிரசவ வார்டில் அவள் தானே தன் கையில் ஊசி குத்திக்கொண்டு பெற்ற பிள்ளை.

அவன் போனிலிருந்து நிமிர்ந்தான். "அம்மா, எதுக்கும்மா இங்க வந்து சீன் போடற? எல்லாரும் பாக்கறாங்க. அப்பா பேர்ல இருந்தா என்ன, உன் பேர்ல இருந்தா என்ன? கடைசியில எனக்குத்தானே வரப்போகுது."

அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவனுக்கு வரப்போகிற பெண்டாட்டி எங்கோ படித்துக்கொண்டிருப்பாள், அல்லது தலை வாரிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் இந்த மேசையில் இப்போதே இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று தோன்றியது.

கைப்பைக்குள் போன் இருந்தது. தரகர் அம்மாவைக் கூப்பிடலாம். யாராக வருவாள்? இங்கே இருப்பவர்கள் எல்லாரும் சொந்தம். கூப்பிட்டால், அந்நிய மனுஷியை வைத்துக் குடும்பத்தை உடைத்தவள் என்ற பேர் மட்டும்தான் அவளுக்கென்று தனியாகக் கிடைக்கும். கையெழுத்தே போடாவிட்டால் அதே வாடகை வீடு, இந்த மூன்று முகங்கள். எந்தக் கையிலும் நரம்பைக் கண்டுபிடிப்பவளுக்குத் தன் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் தட்டுப்படவில்லை.

பேனாவை வாங்கினாள். காட்டிய இடங்களிலெல்லாம் போட்டாள். கணவன் பெருமூச்சு விட்டான். விவரம் நாற்காலியில் சாய்ந்தார்.

அதிகாரி காகிதங்களைத் தட்டி நேராக்கினான். "மேடம், ஒரு விஷயம். லோன்ல உங்க பேருதான் முதல்ல வரும். சார் ரெண்டாவதுதான். யாருக்கு நிரந்தரச் சம்பளமோ அவங்க பேரைத்தான் முதல்ல போடணும், இங்க ரூல். தவணை தப்பினா முதல்ல உங்களுக்குத்தான் போன் வரும்."

விவரம் மேசையைத் தட்டினார். "பாத்தியாம்மா! பேரு பேருன்னு அடம்பிடிச்சியே. முதல் பேரே உன்னுதுதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அதிகாரியும் சிரித்தான். பிறகு கணினியின் பக்கம் திரும்பி, "மேடமோட முழுப் பேரைச் சொல்லுங்க சார்," என்றான்.

கணவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் அவள் பேர் முழுசாக வந்தது அன்றுதான்.