சகலைக்கு ஒரு வண்டி

என் சகலை கார் பந்தயத்தில் இறங்கப் போகிறாராம். மனைவியின் தங்கை கணவர், காப்பீட்டு அலுவலகத்தில் ஏசிக் காற்றில் உட்கார்ந்து கோப்பு புரட்டுகிற ஆள். ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் விமான ஓடுதளத்தில் மாதம் ஒரு ஞாயிறு, இரண்டிரண்டு கார்களாக நிறுத்தி நேர்கோட்டில் கால் மைல் விரட்டுவார்கள். பத்து வருடமாகக் கம்பிவேலிக்கு வெளியே நின்று அதைப் பார்ப்பவன் நான். அவர் ஒரே ஒரு தடவை பார்த்தார், உடனே ஓட்ட வேண்டுமாம்.

"பெரிய செலவு வேண்டாம் அண்ணா. முன்சக்கரம் இழுக்கிற பழைய வண்டி போதும். நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

வயிறு எரிந்தது. மாமனார் வீட்டுக்கு அவர் வந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். நான் வந்தால் கூட்டுவார்கள். கடைசியில் என் ஆசையையும் அவரே எடுத்துக்கொள்ள வேண்டுமா?

நான் கியர்பாக்ஸ் மெக்கானிக். எதையும் நிதானமாகச் செய்வதால் பட்டறையில் எனக்கு 'இழுவை' என்று பட்டப்பெயர். அதில் பொய்யில்லை. பழைய கார்கள் விற்கும் யார்டில், சுவரோரம் நின்ற இரண்டு கதவு சிவப்பு வண்டியை நான் இரண்டு வருடமாக வாங்கப் போகிறேன். வெயிலில் சாயம் போன சின்ன வண்டி. ஆனால் எடை குறைவு, இருக்கும் எடையும் மூக்கில்தான். சட்டென்று கிளம்பும்போது பாரம் பின்னால் சாய்ந்து முன்சக்கரங்கள் சும்மா சுற்றுமே, அந்த வியாதி இதற்குக் குறைவு. கியர் வெண்ணெய் மாதிரி விழும்.

சகலை யார்டுக்குள் நுழைந்ததும் நேராக அதனிடம்தான் போனார்.

"அண்ணா, இது எப்படி? வெயிட்டே இருக்காது போல."

படித்துவிட்டு வந்திருக்கிறார், பாவி.

"இதுவா? அடியெல்லாம் துரு தம்பி. இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு."

பக்கத்தில் சாவிக்கொத்தோடு நின்ற யார்டுக்காரர் திடுக்கிட்டார். "நெஜமாவா மாஸ்டர்?"

"நான் சொல்லி எது தப்பாப் போயிருக்கு?"

அடுத்து ஒரு வெள்ளி நிற கார். கூரையில் கண்ணாடி, தோல் சீட்டு, கல்யாண மண்டபம் மாதிரி கனம். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியர் கரகரவென்று பல்லைக் கடித்தது. எனக்குக் கேட்டது. சகலை என் முகத்தைப் பார்த்தார்.

"ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றேன்.

அன்றைக்கே வாங்கிவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இரண்டு வருடம் இழுத்தவன் மூன்றே நாளில் யார்டுக்கு ஓடினேன். சுவரோரத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"சிவப்பு வண்டி எங்க?"

"நீங்கதானே சொன்னீங்க மாஸ்டர்! அன்னைக்குச் சாயங்காலமே இரும்புக் கடைக்கு ஏத்திட்டேன். நசுக்கியாச்சாம். நல்லவேளை, யார் தலையிலயாவது கட்டியிருந்தா பாவம் எனக்குத்தான்." கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை வரும் என்ற சாக்கு உண்டு.

அந்த மாதப் பந்தய ஞாயிறன்று வேலிக்கு வெளியே நின்றேன். சகலையின் வண்டி கிளம்பியது, இரண்டாம் கியருக்குப் போனது, ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வண்டி போய்ச் சேர்ந்த பிறகு, இவர் தோல் சீட்டிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வியர்வையோடு வேலியருகே வந்தார். "தப்பு என்மேலதான் அண்ணா. நீங்க பார்த்த வண்டி, அது என்ன பண்ணும்? எனக்குத்தான் கியர் போடத் தெரியல."

நான் வேலிக் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டினேன்.

"நீங்க சரி பண்ணிடுங்க. அடுத்த மாசம் நீங்களே ஓட்டுங்க. பத்து வருஷமா வெளிய நின்னு பார்க்கறீங்கன்னு அண்ணி சொன்னாங்க. அதான், வண்டிய நீங்களே பார்த்து எடுக்கணும்னு விட்டேன். நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டலாம்."

கம்பி இடைவெளியில் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அப்போதும் எனக்கு வயிறுதான் எரிந்தது. இந்த நல்ல மனசுகூட அவருக்குத்தான் வாய்க்க வேண்டுமா?