மெர்சி டாப்பர் சொன்ன தடை

தார்ன்பி கோயிலில் அந்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஈனாக் டாப்பருக்கும் திர்ஸா குவிலுக்கும் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார். தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று அவர் முடிப்பதற்குள், முன்வரிசையில் ஈனாக்கின் தாய் மெர்சி எழுந்துவிட்டாள்.

"நான் தடுக்கிறேன். எம்மவனுக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகல. அனாதை விடுதியில வளந்த, அப்பன் பேர் தெரியாத சிறுக்கி எனக்கு மருமகளா?"

பின்வரிசையில் பால்பண்ணைப் பெண்களோடு இருந்த திர்ஸாவுக்கு முகம் தீயாய் எரிந்தது. சபை முழுக்கத் திரும்பி அவளையே பார்த்தது. ஈனாக் தலையைத் தூக்கவில்லை; தன் வயது தாய் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

வயது குறைந்தவனென்றால் விதவைத் தாயின் சொல்லே சட்டம். பாதிரியார் பெருமூச்சு விட்டார். "ஞானஸ்நானப் பதிவோட நகலக் கொண்டாங்கம்மா."

"தாய் சொல்றது பத்தாதா?" மெர்சியின் குரல் ஒரு கணம் பிசிறியது. அதைத் திர்ஸா கவனித்துவிட்டாள்.

புதன்கிழமை பண்ணையில் லீவு கேட்டு, மழையில் ஒன்பது மைல் நடந்து, ஈனாக் பிறந்த கோல்ட்பரிக்குப் போனாள். கோயில் எழுத்தர் பழைய புத்தகத்தைப் புரட்டினார். ஈனாக்குக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. தாய் மெர்சி, கல்யாணமாகாதவள். தகப்பன் பெயருக்கான இடம் காலியாகக் கிடந்தது. திர்ஸா அதை அப்படியே நகல் எழுதி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மெர்சி அடுப்படியில் பன்றித் தொடைக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திர்ஸா நகலை மேசையில் வைத்தாள். மெர்சி படித்தாள். உப்புக் கை அப்படியே நின்றது.

"யாருக்கெல்லாம் காட்டுன?"

"இன்னும் காட்டல, டாப்பரம்மா. நீங்க தடையத் திரும்ப வாங்குனா காட்டவும் மாட்டேன்."

"ஈனாக்குக்கு?"

"அவருக்கும்தான்."

"மிரட்டுறியாடி, நாயே?"

"ஊரக் கூட்டி என்னை அம்மணமாக்கினது யாரு? நான் அடுப்படியிலதான பேசுறேன்?"

மெர்சி காகிதத்தை அடுப்பில் எறிந்தாள். திர்ஸா தடுக்கவில்லை. "புத்தகம் அங்கதான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"என் வீட்டு வாசல மிதிச்சே, கால ஒடிச்சிருவேன்."

"கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

அடுத்த ஞாயிறு மெர்சி எழுந்து, வருஷக் கணக்கு தப்பிவிட்டது, தடையில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். யாரோ சிரித்தார்கள். ஓலை மறுபடி முதலிலிருந்து மூன்று வாரம் வாசிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு மெர்சி, விதவையென்று சொல்லி உடுத்திவந்த கறுப்பு உடுப்பில் வந்தாள். மணப்பெண் முத்தமிட வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதுவீட்டுக்குப் போகும் வழியில் ஈனாக்குக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னதான் இருந்தாலும் பெத்தவ பாரு, திர்ஸா! தானா மனசு இளகிருச்சு. நீதான் அவங்கள முறைச்சுக்கிட்டே இருந்த. நாளைக்குப் போயி ஒரு மன்னிப்புக் கேட்டுரு."

திர்ஸாவின் நாக்கு நுனிவரை உண்மை வந்துவிட்டது. கொடுத்த வாக்கை நினைத்து விழுங்கினாள்.

"போகமாட்டேன்" என்றாள்.

அவன் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தான். கல்யாணமாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.